ஆறு மடிப்புக் கடல்

திரையில் பறவைகள் அதிகமாக இருக்கின்றன என்பதுதான் புகார்.

மே தினத்தன்று, ஊரே கால் நீட்டிப் படுத்திருக்கும் நேரத்தில், அலங்காரத் திரையில் நாலு பறவை கூடிவிட்டது என்று ஒருத்தியை வேகாத வெயிலில் வரவழைக்கிற வீடுகள் சென்னையில் இருக்கத்தான் செய்கின்றன. டெல்பின் மனதுக்குள் திட்டிக்கொண்டே அடுக்குமாடியின் கீழே ஸ்கூட்டரை நிறுத்தினாள். மணி ஒன்று. பொன்னலை நிறுவனத்தில் அவள் சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது. விடுமுறை நாளில் புகார் வந்தால் அது தன் தலையில்தான் விடியும் என்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

பன்னிரண்டாவது மாடியில் கதவைத் திறந்தவள் பத்மாசனி. ஐம்பத்தைந்து வயது, வெட்டிவிட்ட நரை முடி. கியோட்டோவில் பதினொரு வருடம் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள்.

"வாங்கோ. லீவு நாள்ல கூப்பிட்டுட்டேன், தப்பா நினைச்சுக்காதீங்கோ. என்னால அதைப் பார்த்துண்டு உக்கார முடியலை."

கூடத்தின் நடுவில் திரை நின்றது. ஆறு பலகைகள், ஆள் உயரம், மடித்து மடித்து வளைவும் நெளிவுமாக. ஜப்பானில் இதற்குப் பியோபு என்று பெயர், காற்றைத் தடுப்பது என்று அர்த்தம். அந்தக் காலத்தில் தங்க இலை ஒட்டிய தாளில், நீலக் கல்லை அரைத்துக் கடலும், சிப்பியைப் பொடித்து வெள்ளை நுரையும் வரைந்தார்கள். பொன்னலை அதையே இயந்திரமாகச் செய்து விற்றது. தாளுக்கு அடியில் கோடிக்கணக்கான துகள்கள் ஊர்ந்து ஊர்ந்து படம் வரையும். வரைவது கற்பனைக் கடல் அல்ல. வாடிக்கையாளர் ஒரு கரையைத் தேர்ந்தெடுத்தால், அந்தக் கரைக்கு அப்பால் மிதக்கும் கருவிகளும் கரையில் நிற்கும் கேமராவும் அனுப்புகிற உண்மையான கடலை, நானூறு பழைய திரைகளைப் பார்த்துப் பழகிய கைவண்ணத்தில் அது வரைந்துகொண்டே இருக்கும்.

இந்தத் திரையில் இருந்தது கன்னியாகுமரிப் பக்கம், சூசையப்பர்துறை. டெல்பின் பிறந்த ஊர். தமிழ்நாட்டில் கருவி போட்ட கரைகள் ஒன்பதுதான், அதனால் இது பெரிய அதிசயம் இல்லை. ஆனாலும் பார்த்ததும் அவளுக்கு ஒரு கணம் நெஞ்சு இளகியது. இன்றைக்கு அங்கே திருவிழாவின் கடைசி நாள்.

"எங்க மேடம் பறவை?"

பத்மாசனி கையைக் காட்டினாள். இடப்பக்கம், நடுமடிப்புக்குப் பக்கத்துப் பலகைக்கு அடுத்த பலகை. அங்கே கடல் பின்வாங்கி வெறும் பொன் மட்டும் அகலமாகத் தெரிந்தது. அதைத் தொட்டுக்கொண்டே, பலகையின் உச்சிவரை எழும்பிய ஒரு நீலம். அலை என்று சொல்ல வாய் வராது, சுவர் என்றுதான் சொல்ல வேண்டும். அதன் மேலும் கீழும் வெள்ளைப் பறவைகள். சிறுசிறு உள்ளான் குருவிகள், எண்ணினால் நூறு தேறும்.

"எப்பவும் மூணு நாலுதான் இருக்கும். அதுதான் அழகு. காலைல பத்து மணிக்கு இடது ஓரத்துல எட்டிப் பார்த்தது. இப்போ நடுவுக்கு நகர்ந்து வந்துடுத்து."

டெல்பின் அதைக் காதில் வாங்கினாள், மனதில் வாங்கவில்லை. பலகையின் பின்பக்கம் போய், நகத்தால் லேசாக இரண்டு தட்டுத் தட்டினாள். பறவைப் புகார் வந்தால் முதலில் செய்வது இதுதான். வெள்ளைத் துகள் சில நேரம் தாளில் சிக்கிக்கொண்டு போகாமல் நிற்கும். தட்டினால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். ஒன்றுகூட உதிரவில்லை.

"சிக்கலை மேடம். நிஜமாத்தான் வரைஞ்சிருக்கு."

"பறவைய எதுக்கு வரையறது? கடல்ல அவ்வளவு பறவையா?"

"பறவை இல்ல மேடம். பழைய திரைகள்ல ஆள் இருக்க மாட்டாங்க, அலைக்கு மேல குருவி பறக்கும். அதனால தண்ணில மிதக்கிற எதைப் பார்த்தாலும் குருவியாப் போடுன்னு பழக்கியிருக்கோம். படகு, மரக்கட்டை, குளிக்கிறவங்க, எல்லாமே குருவிதான்."

"படகுக்குக் குருவியா. பாவம்." பத்மாசனி சிரித்தாள். "சரி, எனக்கு இன்னொண்ணு சொல்லுங்கோ. வரப்போற கடலையும் வரையறதே, அது எப்படி?"

டெல்பின் கொஞ்சம் தயங்கினாள். அந்தக் கேள்விக்கு ஆபீசில் ஒரு பதில் மனப்பாடம் செய்து கொடுத்திருந்தார்கள். கேட்டவர் முகம் நல்ல முகமாக இருந்ததால் அவள் உண்மையைச் சொன்னாள்.

"வெள்ளைத் துகள் லேசு, சில நிமிஷத்துல வந்து போயிடும். நீலம் கனம் மேடம். ஒரு அலை உருவாக மணிக்கணக்கா ஆகும். அலை வந்தப்புறம் வரைய ஆரம்பிச்சா படம் எப்பவும் பிந்திப்போகும். அதனால ஆறு மணி நேரம் முன்னாடியே கடல் எப்படி இருக்கும்னு கணக்குப் போட்டு வரையுது. நடுமடிப்புதான் இந்த நிமிஷம். ஒரு பக்கம் மூணு பலகை போன ஆறு மணி நேரம், மறுபக்கம் மூணு பலகை வரப்போற ஆறு மணி நேரம்."

"அப்போ இது பெரிய விஷயமாச்சே. கவர்ன்மென்ட்டுக்குக் கொடுக்கலாமே."

"எங்க கூட வேலை பார்த்த ஒருத்தர் எழுதிக் கேட்டார். முன்னறிவிப்புங்கிற வார்த்தையையே ஆபீஸ்ல சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. அலங்காரம்னு இருக்கிற வரைக்கும் தப்பா வந்தா யாரும் கேக்க மாட்டாங்களாம். நீங்க வாங்கும்போது கையெழுத்துப் போட்ட தாள்ல அதுதான் இருக்கு."

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஒரு வருடமாக அவள் தினமும் பொன்னலைப் பட்டறையில் நிற்கும் இதே கரையின் திரையைப் பார்த்துத் தம்பி ரெஜினுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். எப்போது கடல் ஏறும், எப்போது இறங்கும், எப்போது படகைத் தள்ளலாம். ஒரு நாள்கூடப் பிசகியதில்லை. ஊரில் ரெஜின் சொன்னால் சரியாக இருக்கும் என்று பெரியவர்களே பேச ஆரம்பித்திருந்தார்கள். முப்பது வயதில் அவனுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. அவளுக்கும்தான், இல்லை என்று எதற்குப் பொய் சொல்ல வேண்டும்.

அவள் கையில் இருந்த கருவியில் பறவைக்கான அளவைக் கொஞ்சம் குறைத்தாள். பத்து நிமிஷம் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக மங்கின. ஒன்றரை மணிக்கு அந்தப் பலகையில் நீலமும் பொன்னும் மட்டும் இருந்தன.

"கைராசிக்காரி நீங்க," என்று சொல்லிவிட்டு பத்மாசனி காபி போட உள்ளே போனாள்.

அப்போதுதான் ரெஜின் கூப்பிட்டான்.

"எக்கா, ஒரு காரியம் கேக்கணும். நேத்தே கள்ளக்கடல்னு எச்சரிக்கை வந்திருக்கு. ஃபாதர் இந்த வருசம் சுரூபத்தக் கடலுக்கு எறக்க வேண்டாம்னு சொல்லிட்டாரு. பந்தல், நாற்காலி எல்லாத்தையும் இப்பத்தான் மேல தூக்கிட்டுப் போனாவ. ஊருல ஒரே மொணமொணப்பு."

கள்ளக்கடல் டெல்பினுக்குத் தெரியாததல்ல. காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. எங்கேயோ தெற்கே கிளம்பிய அலை, திருடன் மாதிரி சத்தமில்லாமல் கரையேறிவிட்டுப் போகும். ஆனால் எச்சரிக்கை வாரத்துக்கு மூன்று வருகிறது. பத்தில் எட்டு முறை ஒன்றும் நடப்பதில்லை.

"கடல் இப்பம் எப்பிடிக் கெடக்கு?"

"சும்மா கெடக்கு. காலைல பதினோரு மணி வாக்குல உள்ள போயிட்டு வந்துச்சு. ரெண்டு சாளை மீன் கூடைய இழுத்துச்சு, அவ்வளவுதான். நீ பாத்துச் சொல்லேன்."

"இன்னைக்குப் பட்டறை லீவு மக்கா." சொல்லிக்கொண்டே அவள் திரையை நிமிர்ந்து பார்த்தாள். பட்டறை எதற்கு, சூசையப்பர்துறையே எதிரில் நிற்கிறதே.

இடப்பக்கம் இரண்டாவது பலகையில் பெரிய அலை. இரண்டரை மணி நேரத்துக்கு முன்னால். பதினொரு மணி. தம்பி சொன்னதோடு ஒத்துப்போனது. ஓவியம்தானே, கூடை இழுத்த அலையைக் கொஞ்சம் கூட்டித்தான் போடும். காலையில் பந்தல் போட வந்த கூட்டம்தான் அவள் மங்கவைத்த குருவிகள். வலப்பக்கம் அதே தூரத்தில் ஒரு சின்னப் புரட்டல், நாலு மணிக்கு. முழங்கால்கூட நனையாது. மற்றபடி கடைசிப் பலகைவரை கடல் தாலாட்டிக்கொண்டிருந்தது.

"லே ரெஜின், வேண்டியதெல்லாம் காலைலயே வந்து போயாச்சு. இனிமே ஒண்ணும் இல்ல. நாலு மணிக்கு லேசா ஒண்ணு வரும், அது கால் நனைக்கத்தான் சரியா இருக்கும்."

"அப்பம் எறக்கலாமா?"

"எறக்கலாம்."

"எக்கா, நீ சொன்னா நான் ஃபாதர்ட்ட தைரியமாச் சொல்லுவேன்."

"சொல்லு."

அவ்வளவுதான் பேச்சு, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சூசையப்பர்துறையில் திருவிழாவின் கடைசி நாள், பிற்பகல் மூன்று மணிக்கு, புனிதரின் சிலையான சுரூபத்தைப் பன்னிரண்டு பேர் தோளில் சுமந்து கடலுக்குக் கொண்டுபோவார்கள். சுமப்பவர்களின் காலை மூன்று அலை நனைக்க வேண்டும். அதுவரை திரும்பக் கூடாது. அலை வராவிட்டால் அலையைத் தேடி உள்ளே நடக்க வேண்டும், ஊரும் பின்னாலேயே நடக்கும். இந்த வருடம் அந்தப் பன்னிரண்டு தோள்களில் ரெஜினின் தோளும் ஒன்று.

பத்மாசனி காபி கொண்டுவந்தாள். கூடவே முறுக்கு. டெல்பின் பலகைகளுக்கு நடுவே இருந்த காகிதக் கீல்களைத் துடைத்தாள், தூசி தட்டினாள், பழுது நீக்கிய விவரத்தைக் கருவியில் எழுதினாள். பேச்சு கியோட்டோ பக்கம் போய், அங்கே கிடைக்கிற ஊறுகாய்ப் பக்கம் போய், நேரம் இரண்டரை ஆகிவிட்டது. கிளம்பலாம் என்று பையை மாட்டியபோது பத்மாசனி சொன்னாள்.

"அடடா. திரும்ப வந்துடுத்து பாருங்கோ."

டெல்பின் திரும்பினாள். அதே அலை, இப்போது நடுமடிப்பை ஒட்டிய பலகைக்கு நெருங்கி வந்திருந்தது. பொன்வெளியின் ஓரத்தில் ஏழெட்டு வெள்ளைப் புள்ளிகள். அவள் பார்க்கப் பார்க்க அவை இருபது ஆயின. பிறகு நாற்பது.

அவள் உடனே பின்பக்கம் போய்த் தட்டினாள், உதிரவில்லை. கருவியில் பறவை அளவைப் பார்த்தாள், அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. ஒன்றையும் அவள் மாற்றவில்லை.

மாற்றாமலே மாறியிருக்கிறது. அதுவும் இடப்பக்கத்தில், போன நேரத்தில். நடந்து முடிந்தது எப்படி மாறும்? காலை பதினொரு மணிக்குக் கரையில் நின்ற ஆட்கள், மதியம் இரண்டரைக்கு எப்படிக் கூடுவார்கள்?

பத்மாசனி சொன்னது இப்போதுதான் உள்ளே இறங்கியது. காலையில் ஓரத்தில் இருந்தது, நடுவுக்கு வந்துவிட்டது. போன அலை நடுவை விட்டு விலகித்தான் போகும். நடுவைப் பார்த்து வருகிறது என்றால் அது இனி வரப்போகிற அலை.

"மேடம், இந்தத் திரை வாங்கும்போது எங்க ஆளுங்க கிட்ட எதாவது தனியாக் கேட்டீங்களா?"

"கேட்டேனே. திருப்பாம அப்படியே வேணும்னு கேட்டேன். அங்கெல்லாம் பியோபுவ வலது பக்கத்துலேருந்துதானே பார்ப்பா? வலது ஓரத்துல வசந்தம் இருக்கும், இடது ஓரத்துல பனி இருக்கும். நீங்க எல்லாத்தையும் நம்மூருக்காகத் திருப்பி விடறேள்னு கேள்விப்பட்டேன். எனக்கு அது வேண்டாம்னு எழுதியே கொடுத்தேன்."

இருநூறு திரைகளை டெல்பினே தன் கையால் திருப்பியிருக்கிறாள். இங்கே வாங்குகிறவர்கள் இடமிருந்து வலமாகப் பார்க்கிறவர்கள், கடல் பின்னால் நடக்கிறது என்று குறை சொல்வார்கள் என்பதால், சென்னைப் பட்டறையை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு திரையும் திரும்பித்தான் போகும். இந்த ஒன்றைத் தவிர. எழுதிக் கொடுத்த தாள் ஏதோ ஒரு கோப்பில் தூங்கிக்கொண்டிருக்கும். திசை என்ன என்று பார்க்கக் கருவியில் ஒரு பொத்தான் இருந்தது. ஏழு வருடத்தில் அவள் அதை அழுத்தியதே இல்லை.

வலப்பக்கத்துச் சின்னப் புரட்டல்தான் காலையில் கூடை இழுத்த அலை. இந்தச் சுவர் நான்கு மணிக்கு.

அவள் ரெஜினைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டாள். கோயில் எண்ணுக்குக் கூப்பிட்டாள், யாரும் எடுக்கவில்லை. திருவிழா நாளில் பேண்டு வாத்தியத்துக்கு நடுவே யார் போனை எடுப்பார்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணைத் தேடிப் பிடித்தாள். எடுத்தவர் பொறுமையாகத்தான் பேசினார்.

"மேடம், அந்த ஏரியாவுக்கு எச்சரிக்கை நேத்தே கொடுத்தாச்சு. பங்குக் கோயில்லயும் கடற்கரைக்குப் போகலைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க."

"இப்ப போயிட்டாங்க சார்."

"யார் சொன்னது?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லாமல், உடனே ஆள் அனுப்புங்கள் என்றாள். ஆள் அனுப்புகிறோம் என்றார். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். ஒன்றரை மணி நேரம் என்றார்.

காலையில் பந்தல் போட்டபோது கேமரா கூட்டத்தைப் பார்த்தது, அலை வரும்போது இத்தனை பேர் தண்ணீரில் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு நூறு குருவி போட்டது. மதியம் அவர்கள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மேலே போனார்கள், குருவிகளை அழித்தது. அவற்றைப் போகவைத்தது அவள் கைராசி அல்ல. அந்த ஊர், வழக்கத்தை ஒரு தடவை ஒதுக்கி வைத்துவிட்டுப் பிழைக்கத் தீர்மானித்திருந்தது. அவள்தான் போனில் சொல்லித் திரும்ப இறக்கிவிட்டாள். டெல்பின் அழவில்லை. அழுவதற்கு நேரம் இல்லை என்று தோன்றியது.

மூன்று இருபத்தைந்துக்கு ரெஜின் எடுத்தான். பின்னால் டிரம் சத்தம்.

"எக்கா, எத்தன தடவ கூப்புட்டிருக்க? சுரூபத்த எறக்கியாச்சு. கடல் நல்லா உள்ள போயிருக்கு, பாறையெல்லாம் தெரியுது. ஆளுவ அலையத் தேடிப் போயிட்டிருக்காவ. நான் தோளு மாத்திக் குடுத்துட்டு இப்பத்தான் கரையேறுனேன்."

"லே, நான் தப்பாப் பாத்துட்டேன். தலைகீழாப் பாத்துட்டேன். பெரிசு இனிமேதான் வருது. கோயில் உசரம் வருது. எல்லாரையும் மேல ஏத்து."

டிரம் சத்தத்துக்கு மேல் அவன் கத்தினான்.

"மூணு அலை நனையாம அவங்க திரும்ப மாட்டாவ எக்கா."

"நீ சொன்னா கேப்பாங்க."

"ஆமா. நான் சொன்னாத்தான் கேப்பாவ."

"போ மக்களே. ஓடு."

சொன்னது அவள்தான். அந்த வார்த்தையைப் பிறகு எத்தனையோ முறை அவள் நினைத்துப் பார்க்கப் போகிறாள். அவன் கரையில், மேட்டில், காய்ந்த மணலில் நின்றுகொண்டிருந்தான்.

போன் அணைந்தது. இரண்டு பெண்களும் திரைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். பத்மாசனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அலை நடுமடிப்புக்கு நாலு விரல் தூரத்தில் இருந்தது. அதன் முன்னால் நூற்றுப் பத்துக் குருவிகள். டெல்பின் எண்ணியிருந்தாள்.

மூன்று முப்பத்தைந்துக்கு ஒரு குருவி மங்கியது. பிறகு இன்னொன்று. பிறகு கொத்துக் கொத்தாக, கரைப்பக்கம் இருந்தவை முதலில்.

"போறது பாருங்கோ," என்றாள் பத்மாசனி. "எல்லாம் போறது. கேட்டுட்டா. உங்க தம்பி சொன்னதைக் கேட்டுட்டா."

அறுபது. முப்பது. சுமந்தவர்கள் பன்னிரண்டு பேர் ஒரு கூட்டமாகக் கடைசிவரை இருந்தார்கள். பிறகு அவர்களும் ஒவ்வொருவராக மங்கினார்கள். ஐந்து. இரண்டு. பத்மாசனி வாய்விட்டு அழுதுகொண்டே சிரித்தாள். மணி மூன்று ஐம்பது.

பொன்வெளியின் கடைசி ஓரத்தில், கரையிலிருந்து வெகுதூரத்தில், ஒன்று மட்டும் இருந்தது.

"அது சிக்கிண்டிருக்கும்," என்றாள் பத்மாசனி. "நீங்கதானே சொன்னேள், துகள் சில நேரம் நின்னுடும்னு."

"ஆமா மேடம். நிக்கும்."

டெல்பின் எழுந்து ரெஜினைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டே பலகையின் பின்பக்கம் போனாள். இடம் பார்த்து, நகத்தால் லேசாக இரண்டு தட்டுத் தட்டினாள்.

"உதிர்ந்துதா மேடம்?"

முன்பக்கத்தில் பத்மாசனி விசும்புவது கேட்டது. அவள் இன்னும் இரண்டு தட்டுத் தட்டினாள்.